தூத்சாகர் காட்டுப்பாதை: சொந்த வண்டியில் போகலாமா?

18 செப்டம்பர் 2024, காலை. கோவை வாசகர் ஒருவரின் கேள்வி

"இந்த ஆண்டு புதிதாக மகிந்திரா நிறுவனத்தின் தார் வண்டி வாங்கியிருக்கிறேன். அக்டோபர் கடைசியில் நண்பர்களோடு கோவா போகிறோம். குலேமிலிருந்து தூத்சாகர் அருவிக்குப் போகும் காட்டுப்பாதையில் என் வண்டியையே ஓட்டிச் செல்ல வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. அங்கே ஓடும் பழைய ஜீப்புகளைவிட என் வண்டி எல்லா வகையிலும் மேலானது. அப்படியிருக்க, ஆளுக்கு இவ்வளவு என்று கொடுத்து எதற்காக இன்னொருவர் வண்டியில் ஏற வேண்டும்?"

18 செப்டம்பர் 2024, இரவு

முதலில் நேரடியான பதில்: போக முடியாது. குலேம் ஊரைத் தாண்டியதும் வனத்துறையின் சோதனைச் சாவடி இருக்கிறது. உள்ளூர் ஜீப் உரிமையாளர் சங்கத்தில் பதிவு பெற்ற வண்டிகள் மட்டுமே அதைக் கடந்து போகலாம். உங்கள் வண்டியை ஊரிலேயே நிறுத்திவிட்டு, சீட்டு வாங்கி, லைஃப் ஜாக்கெட்டும் வாடகைக்கு எடுத்துக்கொண்டு, ஒரு ஜீப்புக்கு ஏழு பேர் என்ற கணக்கில் ஏற வேண்டும். ஜீப் போவது சுமார் 12 கிலோமீட்டர்தான் என்றாலும் அதற்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். இறங்கிய பிறகு பாறைகளுக்கும் மரவேர்களுக்கும் இடையே ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான நடை இருக்கிறது. அதைக் கடந்தால்தான் அருவியின் அடிமடு கண்ணுக்குத் தெரியும்.

அது பகவான் மகாவீர் வனவிலங்குச் சரணாலயத்தின் உட்பகுதி என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். 1969-இல் சரணாலயமாகவும், 1978-இல் அதன் ஒரு பகுதி மொல்லெம் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட சுமார் 240 சதுர கிலோமீட்டர் காடு அது. காட்டெருது, சிறுத்தை, மலை அணில், இருவாச்சி ஆகியவை வாழும் இடத்தில் யார் வேண்டுமானாலும் எந்த நேரத்திலும் வண்டி ஓட்டலாம் என்ற நிலை வந்தால் அந்தக் காடு எத்தனை ஆண்டு தாங்கும் என்று எண்ணிப் பாருங்கள். எந்த வண்டி, எத்தனை வண்டி, எப்போது உள்ளே போனது, எப்போது திரும்பியது என்று கணக்கு வைக்க முடிவதால்தான் இந்தப் பாதை இன்னும் திறந்திருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

20 செப்டம்பர் 2024

கோவை நண்பர் மறுமொழியில், "சட்டம் இருக்கட்டும், திறனில் என் வண்டி குறைந்ததா?" என்று கேட்டிருக்கிறார். அது நியாயமான கேள்வி என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தார் வண்டி 650 மில்லிமீட்டர் ஆழம் வரை நீரைக் கடக்கும் என்று தயாரிப்பாளர் சொல்கிறார். அந்த அளவு, அசையாத நீரில், சமமான தரையில், சீரான வேகத்தில் போகும்போது பொருந்துவது. தூத்சாகர் பாதையில் மூன்று இடங்களில் ஓடையைக் கடக்க வேண்டும். அங்கே நீர் பக்கவாட்டில் இழுக்கிறது, அடியில் உருண்டைக் கற்கள் கிடக்கின்றன, ஒவ்வொரு மழைக்குப் பிறகும் குழிகள் இடம் மாறுகின்றன. சென்ற வாரம் முழங்கால் அளவு இருந்த இடம் இந்த வாரம் இடுப்பளவு ஆகியிருக்கலாம். மேலே நின்று பார்ப்பவருக்கு நீரின் நிறம் ஒன்றுபோலத்தான் தெரியும்.

எஞ்சினின் காற்றுக்குழாய் வழியாக நீர் உள்ளே போய்விட்டால் என்ன ஆகும் என்பதைப் புதிதாக வண்டி வாங்கியவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். காற்றை அமுக்கலாம், நீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலெழும்போது அந்த நீர் வழிவிடாததால் இணைப்புத் தண்டு வளைந்துவிடும், சில சமயம் முறிந்தும் போகும். அதன் பிறகு எஞ்சினைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். ஓடையின் நடுவில் கியர் மாற்றக் கூடாது, கிளட்சை மிதிக்கக் கூடாது, ஆக்சிலேட்டரை விட்டு விட்டு அழுத்தவும் கூடாது என்று சொல்வதெல்லாம் இதற்காகத்தான். லோ கியரில் நுழைந்து ஒரே சீராகப் போனால் வண்டிக்கு முன்னால் ஒரு அலை எழும்பும். அந்த அலைக்குப் பின்னால் நீர்மட்டம் சற்றுத் தாழ்ந்திருக்கும். குலேம் ஓட்டுநர்கள் இதைப் பேச்சில் விளக்குவதில்லை, காலால் செய்துகாட்டுகிறார்கள். நான் ஏறிய ஜீப்பின் ஓட்டுநர் இரண்டாம் ஓடையின் கரையில் நிறுத்தி, முன்னால் போன வண்டி அக்கரையில் முழுவதுமாக ஏறிய பிறகே இறங்கினார். முன்வண்டி நடுவில் நின்றுவிட்டால் பின்வண்டியும் நீரில் நிற்க நேரும் என்பதே அவர் சொன்ன ஒரே விளக்கம். அக்கரை ஏறியதும் பிரேக்கை மெல்ல மெல்ல அழுத்திக்கொண்டே ஓட்டினார். நனைந்த பிரேக் உடனே பிடிக்காது, உராய்ந்து காய வேண்டும்.

உங்கள் வண்டி நல்ல வண்டிதான். ஆனால் அந்த ஓடையை நேற்றும் அதற்கு முன்தினமும் கடந்தவர் அவர், நீங்கள் அல்ல.

21 செப்டம்பர் 2024

பைக்கில் போகலாமா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். முன்பு விட்டார்கள், இப்போது விடுவதில்லை. இணையத்தில் உலவும் பழைய காணொளிகளை நம்பிப் புறப்பட வேண்டாம்.

29 செப்டம்பர் 2024

திருநெல்வேலி வாசகர் ஒருவர், "ஜீப்பும் வேண்டாம், சீட்டும் வேண்டாம், குலேமிலிருந்து தண்டவாளத்தின் மேலேயே நடந்தால் அருவிக்கு நடுவிலுள்ள பாலத்துக்கே போய்விடலாம், எல்லாரும் அப்படித்தான் போகிறார்கள்" என்று எழுதியிருக்கிறார். இதை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

அந்த இருப்புப்பாதை போர்த்துகீசியர் காலத்தில் மர்மகோவா துறைமுகத்தை உள்நாட்டோடு இணைக்கப் போடப்பட்டு, 1888-இல் திறக்கப்பட்டது. குலேமுக்கும் மலைமேலுள்ள காசில் ராக் நிலையத்துக்கும் இடையே சுமார் 26 கிலோமீட்டர் மலையேற்றம். 37 மீட்டர் போனால் ஒரு மீட்டர் உயரும் அளவுக்குச் சரிவு. அதனால்தான் ரயில் வண்டிகளுக்குக் கூடுதல் எஞ்சின்கள் கோத்து ஏற்றுகிறார்கள். குகைப்பாதைகளுக்குள் ஒதுங்கி நிற்கப் போதிய இடம் கிடையாது. மழைக்காலத்தில் அருவியின் இரைச்சலில் வண்டி வரும் சத்தம் காதில் விழாது. சரிவில் இறங்கிவரும் சரக்கு வண்டி ஆளைப் பார்த்ததும் நிற்கக் கூடிய வண்டியும் அன்று.

2021 ஜூலையில் மங்களூரிலிருந்து மும்பைக்குப் போன விரைவு வண்டி, தூத்சாகர், சோனாலிம் நிலையங்களுக்கு இடையே மண்சரிவில் தடம் புரண்டது. அவ்வளவு எடையுள்ள வண்டியையே புரட்டிய மலைச்சரிவின் ஓரமாகத்தான் குடையோடும் கைப்பேசியோடும் நடக்கலாம் என்கிறார் நம் நண்பர். 2023 ஜூலையில் தண்டவாளம் வழியாக வந்த நூற்றுக்கணக்கான இளைஞர்களை ரயில்வே காவலர்கள் தடுத்துத் தோப்புக்கரணம் போட வைத்த காட்சி நாடெங்கும் பரவியது. அப்படித் தண்டித்தது முறையா என்பது தனி விவாதம். என்னைக் கேட்டால் முறையன்று, சட்டப்படி அபராதம் விதித்திருந்தால் போதும். ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவு, அத்துமீறி நுழைந்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. தென்மேற்கு ரயில்வே அப்போது பயணிகளிடம் கேட்டுக்கொண்டதும் ஒன்றுதான்: அருவியைப் பெட்டிக்குள் இருந்தபடியே பாருங்கள்.

8 அக்டோபர் 2024

முதல் நாள் எழுதிய பதிலோடு பருவத்தைப் பற்றியும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கேட்பவர்களில் பாதிப் பேர் தேதியைத்தான் கேட்கிறார்கள்.

தூத்சாகர் சுமார் 310 மீட்டர் உயரத்திலிருந்து நான்கு அடுக்காக விழுகிறது. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை அது முழு அகலத்துக்கும் வெளுத்து இறங்கும். அந்த மாதங்களில்தான் ஜீப் பாதை மூடப்பட்டிருக்கும்; ஓடைகளைக் கடக்க முடியாது. மழை ஓய்ந்து, நீர் இறங்கி, பாதை செப்பனிடப்பட்டு, வழக்கமாக அக்டோபரில் திறக்கிறார்கள். டிசம்பர் வரை அருவியில் நல்ல நீர் இருக்கும். பிப்ரவரிக்குப் பிறகு கோடைவரை மெலிந்துகொண்டே போகும். பாறையின் முகம்தான் அதிகம் தெரியும்.

எனவே அருவியை அதன் முழு வலிமையோடும் காண வேண்டும், அதே நாளில் அதன் காலடியிலும் நிற்க வேண்டும் என்ற இரண்டு ஆசைகளும் ஒரே பயணத்தில் நிறைவேறா. முழு அருவி வேண்டுமென்றால் ஜூலை, ஆகஸ்டில் ரயில். காலடி வேண்டுமென்றால் அக்டோபர் கடைசியிலிருந்து ஜீப். நான் ஹூப்ளியில் வேலை பார்த்த காலத்தில் இரண்டையும் வேறு வேறு பருவங்களில் பார்த்திருக்கிறேன், ஒன்றைக் குறைத்து மதிக்க என்னால் முடியவில்லை. மழையில் ரயில் அந்தப் பாலத்தைக் கடக்கும்போது திறந்த கதவு வழியே சாரல் முகத்தில் அடிக்கும். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். நவம்பரில் அடிமடுவின் கரையில் உட்கார்ந்தால் நீர் எந்தப் பாறையில் முதலில் மோதுகிறது, எங்கே பிரிகிறது, எங்கே மறுபடி சேர்கிறது என்று நிதானமாகப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். நேரம் இருப்பவர்கள் இரண்டு முறை போவதே நல்லது.

9 அக்டோபர் 2024

"மூடியிருக்கும்போது உள்ளூர்க்காரர் யாரையாவது பிடித்துக் குறுக்கு வழியில் போகலாமே" என்று ஒருவர். வேண்டாம். காசில் ராக் பக்கம் மலைமேல் கொட்டும் மழை, கீழே வெயில் அடிக்கும்போதும் ஓடையில் திடீரென்று வந்து சேரும். போகும்போது கடந்த ஓடையைத் திரும்பும்போது கடக்க முடியாமல் அக்கரையில் இரவெல்லாம் நிற்க நேரும். உங்களைத் தேடி வருகிறவர்களும் அதே நீரில்தான் இறங்கியாக வேண்டும்.

17 அக்டோபர் 2024

சில நாள்களாக ஒன்று என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. தனியார் வண்டிகளை விடக் கூடாது என்பதற்குக் காட்டைக் காரணம் காட்டினேன். அப்படியானால் சங்கத்தின் ஜீப்புகள் மட்டும் காட்டுக்குத் தீங்கு செய்வதில்லையா?

செய்கின்றன. அவையும் புழுதி கிளப்புகின்றன, புகை விடுகின்றன, ஓடையில் சக்கரத்தை இறக்குகின்றன. அந்த நீர் கடைசியில் எங்கே போகிறது என்று பார்த்தால் விஷயத்தின் கனம் புரியும். தூத்சாகரின் நீர் குலேம் வழியாக ஓடிக் காண்டேபார் ஆறாகி மாண்டோவி நதியில் கலக்கிறது. வழியில் ஒப்பா என்ற இடத்தில் அந்த ஆற்று நீரை எடுத்துச் சுத்திகரித்துத்தான் போண்டாவுக்கும் பணஜிப் பக்கத்துக்கும் குடிநீராக அனுப்புகிறார்கள். ஓடையின் நடுவில் ஒரு ஜீப்பிலிருந்து கசியும் ஆயில், மடுவின் கரையில் வீசப்படும் ஷாம்பு உறை, எல்லாமே ஒரு நகரத்தின் குடத்தை நோக்கித்தான் போகின்றன.

ஆகவே இப்போது என் கருத்து சற்று மாறியிருக்கிறது. தனியார் வண்டி கூடாது என்பதில் மாற்றமில்லை. அதோடு, உள்ளே போகும் ஜீப்புகளுக்கும் ஆயில் கசிவுச் சோதனை கட்டாயமாக வேண்டும், ஒரு நாளைக்கு இத்தனை நடைதான் என்ற வரம்பைக் கூட்டம் நெரிக்கும் நாள்களிலும் தளர்த்தக் கூடாது. கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்தில் ஓடைக்கரையில் வண்டிகள் வரிசையாகக் காத்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் அவசியம் தெரியும்.

19 அக்டோபர் 2024

மேலே எழுதியதைப் படித்த சேலம் சகோதரி ஒருவர், "அப்படியானால் ஜீப்பையும் நிறுத்திவிட்டு எல்லாரையும் நடக்க விட்டால் என்ன?" என்று கேட்டார். எனக்கும் அந்த எண்ணம் வந்ததுண்டு. ஆனால் அந்த ஊரின் பிழைப்பை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது.

குலேமைச் சுற்றிய பகுதி இரும்புத்தாதுச் சுரங்கத்தை நம்பி வாழ்ந்தது. 2012-இல் கோவா முழுவதும் சுரங்கத் தொழில் நிறுத்தப்பட்டது. பிறகு தொடங்கி, 2018-இல் உச்ச நீதிமன்றம் குத்தகைகளை ரத்து செய்ததால் மறுபடி நின்றது. லாரிகள் நின்ற ஊரில் பருவத்துக்கு ஏழெட்டு மாதம் ஓடும் ஜீப் என்பது சிறிய வருமானம் அன்று. சங்கத்தில் முறை வைத்து ஓட்டுகிறார்கள். இன்று முறை வராத வண்டி நாளை வரை காத்திருக்கும். அருவி அழிந்தால் முதலில் நட்டப்படுபவர்கள் அவர்கள்தாம். அதனால் காட்டைக் காக்க அவர்களைவிடப் பொருத்தமான கூட்டாளி வனத்துறைக்குக் கிடைக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். நடக்க விரும்புகிறவர்களை வழிகாட்டியோடு, எண்ணிக்கைக் கட்டுப்பாட்டோடு தனியே அனுமதிக்கலாம். ஆனால் முதியவர்களும் குழந்தைகளும் அவ்வளவு தூரம் நடந்து போய் வர முடியாது. அருவியைப் பார்க்கும் உரிமை கால் வலுவுள்ளவர்களுக்கு மட்டும் உரியதாகிவிடக் கூடாது.

கடற்கரைப் பக்கத்து முகவர் ஒருவர் "எல்லாம் உட்பட" என்று சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு, குலேமுக்கு வந்த பிறகு ஜீப்புக்கும் நுழைவுக்கும் தனியே கேட்டார் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். முன்பணம் கொடுக்கும் முன் எது எது சேர்ந்தது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் காலையிலேயே நேரடியாகக் குலேமுக்குப் போய்விடுங்கள். ரயில் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது.

20 அக்டோபர் 2024

சிறு குறிப்புகள். குரங்குகள் பையைப் பிடுங்கும். தின்பண்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடக்காதீர்கள். ரப்பர் செருப்பு பாசியில் வழுக்கும், பிடிப்புள்ள காலணி வேண்டும். நீச்சல் நன்றாகத் தெரிந்தவர்களும் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்ற வேண்டாம். மடு திடீரென்று ஆழமாகும், நீரின் குளிர்ச்சியில் கை கால் விறைத்துவிடும். முதுகுத்தண்டில் தொந்தரவு உள்ளவர்களும் கருவுற்றவர்களும் ஜீப்பில் ஏற வேண்டாம். குலுக்கல் என்று சொல்வது போதாது. உரலில் போட்ட நெல் படும் பாடு அது.

3 நவம்பர் 2024

அருவியை நேசிக்கும் எவரும் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு செய்தி. காசில் ராக்கிலிருந்து குலேம் வரை இரண்டாவது இருப்புப்பாதை போடும் திட்டம் ஒன்று இருந்தது. மின்கம்பித் தடம், நெடுஞ்சாலை அகலப்படுத்தல் ஆகியவற்றோடு சேர்த்து இந்த மூன்று திட்டங்களையும் எதிர்த்துக் கோவா மக்கள், குறிப்பாக இளைஞர்கள், பெரிய இயக்கமே நடத்தினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த மத்திய அதிகாரக் குழு 2021-இல் இரட்டைப் பாதைக்கு எதிராகப் பரிந்துரைத்தது. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டத்துக்கு வனவிலங்கு வாரியம் தந்திருந்த ஒப்புதலை ரத்து செய்தது.

இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்றால், தார் வண்டியை உள்ளே விடுவதா வேண்டாமா என்று நாம் விவாதிக்கும் அதே காட்டைத்தான் அவர்கள் நீதிமன்றம் வரை போய்க் காத்தார்கள். நாம் ஒரு நாள் வந்து போகிறவர்கள். அந்த நாளுக்குள் நம்மால் செய்யக் கூடியது, கொண்டு போன பிளாஸ்டிக்கைத் திருப்பிக் கொண்டு வருவதும், ஓட்டுநரிடம் "வேகமாகப் போங்கள்" என்று சொல்லாமல் இருப்பதும்தான்.

11 நவம்பர் 2024

கோவை நண்பர் போய் வந்துவிட்டார். வண்டியைக் குலேமில் நிறுத்திவிட்டு ஜீப்பில் போனாராம். முதல் ஓடையில் நீர் காலடித் தளம் வரை ஏறியதாகவும், மூன்றாவது ஓடைக்கு முன் ஓட்டுநர் வழக்கமான தடத்தை விட்டு நாலைந்து அடி இடப்பக்கம் ஒதுங்கி இறங்கியதாகவும், ஏன் என்று கேட்டதற்கு "நேற்று இங்கே கல் புரண்டிருக்கிறது" என்றதாகவும் எழுதியிருக்கிறார். ஏழெட்டு வாரமாக நான் எழுதியதைவிட அந்த ஓட்டுநரின் ஒரு வரி அவருக்கு நன்றாகப் புரிய வைத்திருக்கிறது, மகிழ்ச்சி.

வண்டியை ஓட்ட வேண்டும் என்ற அவருடைய ஆசை இன்னும் அப்படியேதான் இருக்கிறதாம். அதில் தவறே இல்லை. காடும் குடிநீரும் இல்லாத தனியார் பயிற்சித் தளங்கள் இருக்கின்றன; அங்கே சேற்றிலும் பள்ளத்திலும் பழகுங்கள், பயிற்றுநர் பக்கத்தில் இருப்பார்.

2 டிசம்பர் 2024

நாகப்பட்டினம் வாசகர் ஒருவர், எழுபது கடந்த தாய் தந்தையோடு வருகிறார். ஜீப் அவர்களுக்கு ஒத்துவருமா என்று கேட்கிறார்.

அப்பா அம்மாவை ஜீப்பில் ஏற்ற வேண்டாம்; வழியெல்லாம் குலுங்கிப் போய், பாறைமேல் நடந்து, அதே குலுக்கலோடு திரும்புவதற்குள் தளர்ந்துவிடுவார்கள். அவர்களுக்கு ரயில்தான் சரி. வாஸ்கோவிலிருந்து பிற்பகலில் புறப்படும் கோவா எக்ஸ்பிரஸில் மட்கான் நிலையத்தில் ஏறி, அருவிக்கு அப்பால் மலைமேலுள்ள லோண்டாவில் இறங்கலாம். வழியில் அருவியைப் பகல் வெளிச்சத்திலேயே கடந்துவிடும். குலேமில் பின்எஞ்சின் கோக்கும் நேரத்தில் அவர்களைச் சன்னலோரம் உட்கார வைத்துவிடுங்கள். உங்கள் ஊர்ப்பக்கமே வரும் வாஸ்கோ–வேளாங்கண்ணி வாராந்திர வண்டியும் இதே மலைப்பாதையில் ஏறித்தான் வருகிறது. ஊர் திரும்பும் பயணத்தை அதிலேயே வைத்துக்கொண்டால் இரண்டு வேலையும் முடியும். ஆனால் அது மலையேறும் நேரம் பகலா என்று அப்போதைய அட்டவணையில் பார்த்துவிட்டுச் சீட்டு எடுங்கள். டிசம்பரில் நீர் ஓரளவு இருக்கும். பெரிய அருவியாகவே பார்க்க வேண்டும் என்றால் பயணத்தை ஆகஸ்டுக்குத் தள்ளிவையுங்கள், மண்சரிவால் வண்டி தாமதமாகலாம் என்பதால் மருந்தும் சாப்பாடும் கூடுதலாகக் கையில் இருக்கட்டும்.